வீட்டில் இருந்தேன்

1812 ஜூன் மாதம், அமெரிக்காவின் வடகிழக்குக் கோடியில் கென்னபெக் ஆற்றங்கரை ஊர் ஒன்றின் செய்தித்தாளில் ஒரு மரண அறிவிப்பு வந்தது. எப்ரைம் பல்லார்டின் மனைவி மார்த்தா 77ஆவது வயதில் காலமானார் என்பது அதன் சாரம். ஒரே வாக்கியம். அவர் ஒரு மருத்துவச்சி என்பது அதில் இல்லை. 27 ஆண்டுகளில் 816 பிரசவங்கள் பார்த்தவர் என்பதும் இல்லை. அன்றைக்கு அந்தச் செய்தித்தாளைப் பிரித்துப் படித்த இளைஞர்களில் எத்தனையோ பேரைப் பிறந்தவுடன் கையில் ஏந்தியவர் அவர்தான்.

816 என்ற கணக்கு நமக்கு எப்படித் தெரியும்? அவரே எழுதி வைத்ததால் தெரியும். 1785 ஜனவரி 1 அன்று, ஐம்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்த மார்த்தா நாட்குறிப்பு எழுதத் தொடங்கினார். 1812 மே 7 வரை, சாவதற்குச் சில வாரங்கள் முன்புவரை எழுதினார். மொத்தம் 9,965 நாள்களின் பதிவுகள். கிட்டத்தட்ட ஒரு நாளும் விடுபடவில்லை. தாள்களை மடித்துத் தைத்துச் சிறு புத்தகமாக்கி, ஓரத்தில் கோடு கிழித்து, இறகுப் பேனாவால் எழுதினார். என்ன எழுதினார்? வானிலை. தான் வீட்டில் இருந்தேனா, வெளியே போனேனா. யார் வந்தார்கள், என்ன வேலை நடந்தது. பிரசவம் பார்த்திருந்தால் அந்த ஆண்டில் அது எத்தனையாவது பிரசவம், கூலி வந்ததா இல்லையா. பெரும்பாலும் சில வரிகள்தான். பெரிய சிந்தனைகள் அதில் இல்லை, மனம்திறந்த புலம்பல்களும் குறைவு. இரவில் எல்லா வேலையும் முடிந்த பிறகு அன்றைய நாளைக் கணக்கு ஒப்புவிப்பதுபோலச் சில வரிகள் எழுதும் பழக்கம், அவ்வளவுதான்.

அந்தச் சின்னப் பழக்கம் என்ன செய்தது என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பேச விரும்புகிறேன். கல்லூரியில் பெண்கள் வரலாறு கற்பிக்கும்போது வேறு எந்த ஆவணத்தையும்விட இந்த நாட்குறிப்பிடம்தான் நான் அதிகம் திரும்பிப் போயிருக்கிறேன்.

*

மார்த்தா 1735இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஆக்ஸ்ஃபோர்டு என்ற ஊரில் பிறந்தார். 1754இல் எப்ரைமை மணந்தார். கணவர் மர அறுவை ஆலை நடத்தினார், நில அளவையும் செய்தார். ஒன்பது பிள்ளைகள். 1769 கோடையில் தொண்டை அடைப்பான் நோய் பரவியபோது, சில நாள் இடைவெளிகளில் மூன்று மகள்களைப் பறிகொடுத்தார். அப்போது அவர் நிறைமாதக் கர்ப்பிணி. 1777இல் குடும்பம் ஹாலோவெல் என்ற குடியேற்ற ஊருக்கு இடம்பெயர்ந்தது. இன்று மெய்ன் மாநிலத்தில் இருக்கும் அந்தப் பகுதி அப்போது மாசசூசெட்ஸோடு சேர்ந்திருந்தது. குளிர்காலத்தில் கென்னபெக் ஆறு உறைந்துவிடும். பனிக்கட்டி உடையத் தொடங்கும் பருவத்தில் ஆற்றைக் கடப்பது உயிரைப் பணயம் வைப்பதற்குச் சமம். அக்கரையில் ஒருத்திக்கு வலி கண்டால் மருத்துவச்சி கடந்துதான் ஆக வேண்டும். படகிலும், குதிரையிலும், பனிக்கட்டிமேல் நடந்தும் கடந்தார்.

அவர் இறந்த பிறகு நாட்குறிப்பு மகள் டாலியிடம் போனது. பிறகு டாலியின் மகள்களிடம். 1884இல் எள்ளுப்பேத்தி மேரி ஹோபர்ட்டின் கைக்கு வந்தது. மேரி, அமெரிக்காவில் மருத்துவம் படித்துப் பட்டம் பெற்ற தொடக்ககாலப் பெண்களில் ஒருவர். 1930இல் அவர் அதை மெய்ன் மாநில நூலகத்துக்குக் கொடுத்தார். பெண்களிடமிருந்து பெண்களுக்குக் கைமாறி வந்ததால்தான் அது பிழைத்தது என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

வரலாற்றாசிரியர்கள் அதைப் பார்க்காமல் இல்லை. 1870இல் அந்த ஊரின் வரலாற்றை எழுதிய ஜேம்ஸ் நார்த் அதைப் படித்திருந்தார். சுருக்கமான பதிவுகள், சிலவற்றைத் தவிரப் பொதுவான ஆர்வத்துக்கு உரியவை அல்ல என்று முடித்துக்கொண்டார். பின்னால் வந்த இன்னொரு வரலாற்றாசிரியர் அதில் சில பகுதிகளை மட்டும் எடுத்து அச்சிட்டார். இவர்களாவது ஆண்கள், போகட்டும் என்று விடலாம். 1970களில் மருத்துவச்சிகளின் வரலாற்றைப் பெண்ணியப் பார்வையில் எழுதிய ஒரு நூலும் ஏறக்குறைய அதே தீர்ப்பைத்தான் சொன்னது: வீட்டுவேலை பற்றிய அற்ப விவரங்கள் நிறைந்த குறிப்பு.

இந்த இடத்தில் வகுப்பில் நான் எப்போதும் நிறுத்துவேன். வீட்டுவேலை அற்பம் என்ற எண்ணம் எவ்வளவு ஆழமாக ஊறியிருந்தால், பெண்களை வரலாற்றில் தேடக் கிளம்பியவர்களே பெண்களின் நாள்களைத் தள்ளிவிட்டுப் போயிருப்பார்கள்! வீரப் பெண்களையும் அரசிகளையும் போராளிகளையும் தேடும் கண்ணுக்கு, அவரை விதைத்து, துணி துவைத்து, இரவில் பக்கத்து வீட்டுப் பிரசவத்துக்கு ஓடியவள் தெரிவதில்லை.

*

லாரல் தாட்சர் உல்ரிக் என்ற வரலாற்றாசிரியருக்குத் தெரிந்தது. ஐந்து பிள்ளைகளுக்குத் தாயான உல்ரிக், பல ஆண்டுகள் அந்த நாட்குறிப்போடு உட்கார்ந்து, சலிப்பூட்டுவதாக ஒதுக்கப்பட்ட பதிவுகளை நாள்வாரியாகப் பிரித்து எண்ணினார். பிரசவங்கள் எத்தனை, தறியில் நெய்த துணி எவ்வளவு, வீட்டில் உதவிக்கு இருந்த பெண்கள் யார் யார், எத்தனை நாள் இருந்தார்கள். 1990இல் 'ஒரு மருத்துவச்சியின் கதை' என்ற பொருள்படும் தலைப்பில் நூல் வெளியானது. அடுத்த ஆண்டு வரலாற்றுக்கான புலிட்சர் பரிசு அதற்குக் கிடைத்தது. திரும்பத் திரும்ப வரும் அந்த அன்றாடம்தான் நாட்குறிப்பின் பலம் என்பது உல்ரிக்கின் வாதம். ஒரு நாளின் பதிவைத் தனியாகப் படித்தால் அதில் ஒன்றுமில்லை. பத்தாயிரம் நாள்களை அடுக்கினால் ஓர் ஊரே எழுந்து நிற்கிறது.

எடுத்துக்காட்டாக, 1787 ஆகஸ்ட் 3 முதல் 24 வரையான மூன்று வாரங்கள். ஊரில் ஸ்கார்லெட் காய்ச்சல் பரவியிருந்தது. இந்த நாள்களில் மார்த்தா நான்கு பிரசவங்கள் பார்த்தார். பொய்வலி கண்ட ஒருத்திக்காக ஒருமுறை போய்த் திரும்பினார். நோயாளிகளைப் பார்க்க 16 முறை வெளியே போனார். மூன்று சடலங்களை அடக்கத்துக்குத் தயார்செய்தார். மூலிகை பறித்துப் பக்குவப்படுத்திக் கொடுத்தார். நடுவில் கணவரின் தொண்டை வலிக்கும் வைத்தியம் பார்த்தார். இதில் எந்த வேலையும் ஊராட்சிப் பதிவேட்டில் ஏறியிருக்காது. வரிப்பட்டியலில் கணவர் பெயர்தான் இருக்கும்.

அந்த ஊரில் இரண்டு பொருளாதாரங்கள் ஒன்றாக ஓடிக்கொண்டிருந்ததை இந்தக் கணக்குகள்தான் காட்டின. ஆண்களின் பொருளாதாரம் மரம், நிலம், ஆலை, கடன் பத்திரம் என்று பதிவேடுகளில் இருக்கிறது. பெண்களுடையது ஆளிச்செடி நார், நூல், தறி, கோழி, தோட்டம், மூலிகை, பிரசவக் கூலி. இந்த வீட்டில் நூற்ற நூல் அந்த வீட்டுத் தறிக்குப் போகும். ஒருத்தியின் மகள் இன்னொருத்தி வீட்டில் நெசவு வேலைக்கு வருவாள். மார்த்தாவின் கூலி பணமாகவும் வரும், பண்டமாகவும் வரும், கடைக் கணக்கில் வரவாகவும் ஏறும். கூலி கைக்கு வந்துவிட்டால் நாட்குறிப்பின் ஓரத்தில் இரண்டு பெருக்கல் குறிகள் போடுவார். அந்த இரண்டு குறிகள் எனக்கு மிகவும் பிடித்தவை. என் உழைப்புக்கு விலை உண்டு, அது வந்து சேர்ந்ததா என்று நான் பார்த்துக்கொள்வேன் என்று 18ஆம் நூற்றாண்டுப் பெண் ஒருத்தி சொல்வதுபோல இருக்கும்.

அவருடைய திறமைக்கும் இந்தப் பழக்கமே சான்று. ஏறக்குறைய ஆயிரம் பிரசவங்களில், பிரசவ நேரத்திலேயே இறந்த தாய் ஒருவர்கூட இல்லை. பிறகான நாள்களில் ஐந்து பேர் இறந்தார்கள். அதே காலத்தில் படித்த இளம் மருத்துவர்கள் பிரசவ அறைக்குள் வரத் தொடங்கியிருந்தார்கள். அவர்கள் வந்ததால்தான் தாய்மார் பிழைத்தார்கள், அதற்கு முன்பு எல்லாம் இருட்டு என்று ஒரு கதை நெடுங்காலம் சொல்லப்பட்டது. மார்த்தாவின் நாட்குறிப்பை வைத்துக்கொண்டு அந்தக் கதையைச் சொல்ல முடியாது.

*

கடமைக்குக் குறித்துவைத்த வரிகள் சாட்சியமாகவும் ஆயின. அன்றைய மாசசூசெட்ஸ் சட்டப்படி, திருமணமாகாத பெண்ணுக்குப் பிரசவம் பார்க்கும்போது, வலியின் உச்சத்தில் குழந்தையின் தகப்பன் யார் என்று மருத்துவச்சி கேட்க வேண்டும். அந்த நேரத்தில் பெண் பொய் சொல்லமாட்டாள் என்பது நம்பிக்கை. அவள் சொல்லும் பெயர், குழந்தையின் பராமரிப்புக்கு அவன் பொறுப்பேற்க ஆதாரமாகும். 1791 அக்டோபரில் மார்த்தா, சாலி பியர்ஸ் என்ற பெண்ணிடம் இந்தக் கேள்வியைக் கேட்டார். சாலி சொன்ன பெயர் மார்த்தாவின் சொந்த மகன் ஜோனதன். மார்த்தா அதை மறைக்கவில்லை. வழக்கம்போல எழுதினார். அடுத்த ஆண்டு தொடக்கத்தில் ஜோனதனுக்கும் சாலிக்கும் திருமணம் நடந்தது. ஒழுங்காக எழுதும் பழக்கம் இருக்கிறதே, அது தன் வீட்டுக்கு ஒரு கணக்கு, ஊருக்கு ஒரு கணக்கு என்று வைத்துக்கொள்ள விடாது.

இன்னொன்று 1789இல். ரெபெக்கா ஃபாஸ்டர், அந்த ஊரில் பாதிரியாராக இருந்தவரின் மனைவி. கணவர் வெளியூர் போயிருந்தபோது தன்னை வன்புணர்ந்ததாகச் சிலர்மீது குற்றம் சாட்டினார். அவர்களில் ஒருவர் ஜோசப் நார்த், ஊரின் நீதிபதி. வழக்கு மன்றத்துக்குப் போவதற்கு முன்பே ரெபெக்கா தன் துன்பத்தை மார்த்தாவிடம் சொல்லியிருந்தார். சாட்சி சொல்ல மார்த்தா போனார். 1790 ஜூலையில் நார்த் விடுவிக்கப்பட்டார். தீர்ப்பு பலருக்கும் வியப்பளித்தது என்பதையும் மார்த்தா குறித்து வைத்தார். அதிகாரமுள்ள ஆண்மீது புகார் சொன்ன ஒரு பெண்ணின் குரல் இருநூறு ஆண்டுகள் கழித்தும் நம்மை எட்டுவதற்கு, துணி துவைத்ததையும் தோட்டம் போட்டதையும் எழுதிய அதே பேனாதான் காரணம். ‘முக்கியமானதை மட்டும் எழுதுவோம்’ என்று அவர் நினைத்திருந்தால், எது முக்கியம் என்பதை அந்த ஊரின் நீதிபதிகளல்லவா முடிவு செய்திருப்பார்கள்?

*

இதைச் சொல்லும்போது ஓர் எச்சரிக்கையும் தேவை. அன்றாட ஒழுங்கு நல்லது, நியதி தவறாத வாழ்க்கை உயர்ந்தது என்று இன்று நிறைய அறிவுரைகள் கிடைக்கின்றன. காலையில் சீக்கிரம் எழு, பட்டியல் போடு, பழக்கத்தை வளர்த்துக்கொள் என்கின்றன. தலைமுறை தலைமுறையாக விடியலுக்கு முன் எழுந்துவரும் பெண்களிடம் இதைப் போய்ச் சொல்வதில் ஒரு கேலிக்கூத்து இருக்கிறது. அன்றாடம் என்பது பெண்களுக்குப் பெரும்பாலும் தேர்ந்தெடுத்த ஒழுங்காக இருந்ததில்லை. தலையில் ஏற்றி வைக்கப்பட்டதாகவே இருந்திருக்கிறது.

மார்த்தாவின் நாட்குறிப்பு இதையும் மறைக்கவில்லை. இரவு பகல் பாராமல் அவரால் பிரசவம் பார்க்கப் போக முடிந்தது, வீட்டில் மகள்களும் உதவிப் பெண்களும் சமைத்து, துவைத்து, நெய்துகொண்டிருந்ததால்தான். 1790களில் மகள்கள் மணமாகிப் போனதும் அதே வேலைகள் அவர் தோளில் விழுந்தன. எழுத்தில் களைப்பும் கசப்பும் கூடுகின்றன. 1804இல், வரி வசூலிப்பவராக இருந்த எப்ரைம், வசூலாகாத பாக்கிக்காகக் கடன் சிறைக்குப் போனார். ஓராண்டுக்கும் மேலாக அங்கே இருந்தார். எழுபது வயதை எட்டிக்கொண்டிருந்த மார்த்தா விறகுக்கும் தவித்தார். மகன் குடும்பம் அவருடைய வீட்டுக்குள் குடிவந்தது, தன் வீட்டிலேயே அவர் ஓர் அறைக்குள் ஒதுங்க வேண்டியிருந்தது. இந்த நாள்களிலும் எழுதினார். எழுதியதால் வேலை குறையவில்லை, குளிர் குறையவில்லை. ஆனால் நடந்தது பதிவில் இருக்கிறது. ‘நல்ல மனைவி, நல்ல தாய், நிறைவான முதுமை’ என்று யாரும் அவருடைய வாழ்க்கையைப் பூசி மெழுக முடியாது.

அப்படியானால் அந்த நாளில் இரண்டு வழக்கங்கள் இருந்தன. ஒன்று, பிறருக்காக ஓய்வின்றிச் செய்த வேலை. மற்றொன்று, அந்த வேலையைத் தன் கணக்கில் எழுதிக்கொண்ட சில நிமிடங்கள். இரண்டாவதுதான் முதலாவதைக் காணாமல் போகாமல் காத்தது.

அந்தச் சில நிமிடங்களும் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. 1793இல் மார்த்தாவின் நாட்குறிப்பில் கறுப்பினப் பெண் வைத்தியர் ஒருவர் வந்து போகிறார். பெயர் இல்லை. அவரும் எத்தனையோ நோயாளிகளைப் பார்த்திருப்பார், எத்தனையோ இரவுகள் விழித்திருப்பார். அவருடைய நாள்களை எழுத ஒரு நோட்டு இல்லை. பெண்களின் பதிவுக்குள்ளேயே யாருக்குப் பெயர் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்ற கேள்வியை அந்தக் குறிப்பு கிளப்பிவிடுகிறது.

இதைப் படிக்கும்போது நம் ஊர் மருத்துவச்சிகளை நினைக்காமல் இருக்க முடியவில்லை. பல ஊர்களில் அவர்கள் முடிதிருத்தும் சமூகத்துப் பெண்கள். எந்தத் தெருவில் வலி கண்டாலும் அழைப்பு வரும். பிள்ளை பிறந்து தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை அவர்கள் தயவு வேண்டும். பிறகு தீட்டு என்று திண்ணையோடு நிறுத்திவிடுவார்கள். கூலியாக நெல், பழைய சேலை, வெற்றிலை பாக்கு. சென்னை எழும்பூரில் 1844இல் பிரசவ மருத்துவமனை தொடங்கப்பட்டது. அந்த மருத்துவமனைக்கு வரலாறு இருக்கிறது, அதன் மருத்துவர்களுக்கு வரலாறு இருக்கிறது. நம் கொள்ளுப்பாட்டிகளின் பிள்ளைகளை எடுத்த பெண்கள் எத்தனை பிரசவம் பார்த்தார்கள், எத்தனை தாய்மாரைப் பிழைக்க வைத்தார்கள்? எழுத்தைச் சாதியும் பாலினமும் சேர்ந்து பறித்துக்கொண்ட இடத்தில் 816 என்பதுபோன்ற ஓர் எண் நமக்குக் கிடைக்காது.

*

முதலாண்டு மாணவிகளுக்கு நான் ஒரு பயிற்சி தருவது வழக்கம். அம்மா, பாட்டி, யாராவது ஒருவரின் ஒரு நாளை எழுதி வர வேண்டும். முதல்முறை வருவது பெரும்பாலும் நான்கு வரிதான். ‘அம்மா வேலைக்குப் போகவில்லை. வீட்டில் சும்மாதான் இருக்காங்க.’ சரி, அவர் எழுவதற்கு முன் நீ எழுந்து, அவர் தூங்கும்வரை கூடவே இருந்து, மணி போட்டு எழுதி வா என்று திருப்பி அனுப்புவேன். அடுத்த வாரம் நான்கு பக்கம் வரும். தண்ணீர் வரும் நேரத்துக்கு எழுந்து குடம் வரிசை போட்டது, மாவு கரைத்தது, மாமியாருக்கு மாத்திரை கொடுத்தது, ரேஷன் கடையில் நின்றது, குழுக் கூட்டத்துக்குப் போய்த் தவணை கட்டியது. ஒரு மாணவியின் அம்மா பீடி சுற்றுபவர். சமையலுக்கும் சமையலுக்கும் இடையில் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு சுற்றியதையும், இரவு இலை வெட்டியதையும் எழுதியிருந்தாள். அதுவரை அவள் வீட்டில் அதற்கு ‘வேலை’ என்று பெயர் இருந்ததில்லை. ‘பொழுதுபோகாமல் சுற்றுகிறாள்’ என்பதுதான் பேச்சு.

இந்திய அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பும் இதே முறையில்தான் நடக்கிறது. காலை 4 மணி தொடங்கி மறுநாள் காலை 4 மணி வரை, அரை மணிக்கு அரை மணி, என்ன செய்தீர்கள் என்று கேட்கிறார்கள். 2019இல் எடுத்த கணக்கில், கூலியில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 299 நிமிடங்கள் செலவிடுகிறார்கள், ஆண்கள் 97 நிமிடங்கள். ஐந்தாண்டு கழித்து 2024இல் அது 289, 88 என்று வந்தது. பெண்களுக்குக் குறைந்தது பத்து நிமிடம். ஆண்களுக்கும் ஒன்பது நிமிடம் குறைந்திருக்கிறது! எழுதிப் பார்க்காத வரை இப்படி ஒரு வேறுபாட்டை வைத்து யாரிடமும் வாதாட முடியாது. எழுதிவிட்டால் அது கோரிக்கையாகிறது.

நம் வீடுகளிலும் பெண்கள் எழுதிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். என் அம்மா மாதக் காலண்டரின் கட்டங்களுக்குள் எழுதுவார். பால் வாங்காத நாளில் ஒரு குறுக்குக் கோடு. சிலிண்டர் மாற்றிய தேதி. சீட்டுப் பணம் கட்டிய நாள். மாதவிலக்கு நாளில் யாருக்கும் புரியாத ஒரு புள்ளி. கைமாற்று கொடுத்த பக்கத்து வீட்டு அக்காவின் பெயரும் தொகையும். ஆண்டு முடிந்ததும் அந்தத் தாள்கள் அலமாரித் தட்டில் விரிக்கப் போயின, எங்கள் பள்ளி நோட்டுகளுக்கு அட்டையாயின. அப்பாவின் நிலப் பத்திரங்களும் வீட்டு வரி ரசீதுகளும் இரும்புப் பெட்டிக்குள் பத்திரமாக இருந்தன. எதைச் சேமிப்பது, எதை விரிப்பது என்று எந்த வீட்டிலும் யாரும் உட்கார்ந்து முடிவு செய்ததில்லை. ஆனால் எல்லா வீட்டிலும் ஒரே முடிவுதான்.

ஆகவே இதைப் படிக்கும் தோழிகளிடம் இரண்டு விஷயங்கள் கேட்கிறேன். பழைய காலண்டர், மளிகைக் கணக்கு நோட்டு, பீடிப் பாஸ்புக், மகளிர் குழுப் பதிவேடு எது கையில் கிடைத்தாலும் தூக்கிப் போடாதீர்கள். அவற்றை வைத்திருக்கும் பெண்ணிடம் ஒவ்வொரு குறிக்கும் என்ன பொருள் என்று கேட்டு ஓரத்தில் எழுதி வையுங்கள். எழுதத் தெரியாதவர் என்றால் அவர் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள். இரண்டாவது, இன்றிரவு உங்கள் நாளையும் நான்கு வரி எழுதுங்கள். அழகாக இருக்க வேண்டியதில்லை. தேதி, வெயிலா மழையா, என்ன வேலை செய்தீர்கள், அதற்குக் கூலி வந்ததா இல்லையா. மார்த்தா தன் கடைசிப் பிரசவத்தை 1812 ஏப்ரல் இறுதியில் பார்த்தார். அப்போது அவருக்கு 77 வயது. அதையும் எழுதி வைத்துவிட்டுத்தான் போனார்.